இருபத்தோரு வருடம் ரோசி

வெண்கல்முடி எஸ்டேட்டின் பெரட்டுக்களத்தில் காலையில் கங்காணி "ரோசி" என்று பேர் கூப்பிட்டால், "இருக்கேன்" என்று கை தூக்குபவள் செபமாலையம்மாள். குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளில் அவள் செபமாலை. பூசைக்குப் போனாலும் செபமாலை. கூடையை முதுகில் மாட்டினால் மட்டும் ரோசி. இதில் எங்களில் யாருக்கும் ஒரு குழப்பமும் இருந்ததில்லை.

ரோசி அவளுடைய அக்கா. ஐம்பத்தாறாம் வருட மழையில் காய்ச்சல் கண்டு மூன்றே நாளில் போய்ச் சேர்ந்தாள். வேலை போனால் லயத்து வீடும் போகும். கண் தெரியாத தாயை வைத்துக்கொண்டு எங்கே போவது? பதினாறு வயதுத் தங்கச்சி அக்கா பேரில் வேலைக்கு இறங்கினாள். எங்கள் மலையில் அது வழக்கம். ஒருத்தர் செத்தால் அவர் பேரில் வீட்டு ஆள் இன்னொருத்தர் வேலைக்குப் போவார். கங்காணி தலையாட்டுவார், பெரிய கிளார்க் அழகுமலை தலையாட்டுவார். துரைமார்களுக்குத் தேயிலைக் கொழுந்து வந்தால் போதும். ஆட்களின் பேர்ப்பட்டியலான செக்ரோலைப் பதினான்கு வருடம் எழுதிய இரண்டாம் கிளார்க் நான்.

கொழுந்து கிள்ளுவதில் அவளை முந்த ஆள் கிடையாது. வாயும் அப்படித்தான். கட்டிய புருஷன் சூசையப்பன் போடிக்குப் போய் வருகிறேன் என்று சொல்லிவிட்டு அங்கேயே இன்னொருத்தியோடு தங்கிவிட்டான். யாராவது துக்கம் விசாரித்தால், "அந்தாளு போன பெறகு வீட்ல அரிசி மிச்சமாகுது" என்பாள். இரண்டு பெண்பிள்ளைகளைத் தனியாகவே வளர்த்தாள்.

எழுபத்தேழில் கொச்சியில் இருந்த ஒரு பெரிய கம்பெனி எங்கள் கம்பெனியைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. சேர்த்துக்கொண்டதாம்! மலைப்பாம்பு ஆட்டுக்குட்டியைச் சேர்த்துக்கொள்வதுபோல. முதலில் ஆபீஸ் போயிற்று. மேஜை, அலமாரி, டைப்ரைட்டர் எல்லாம் லாரி ஏறின. எட்டு கிளார்க்குகளில் இரண்டு பேருக்குத்தான் கொச்சியில் இடம், மற்றவர்கள் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். பிறகு எங்கள் ஃபேக்டரிக்குப் பூட்டு. கொழுந்து வேறு மலைக்கு லாரியில் போயிற்று. கடைசியாகத் தேயிலைக் காட்டில் வேலை செய்யும் முன்னூறு பேரில் நூறு பேரைக் கழிக்கக் கொச்சியிலிருந்து ஓர் ஆபீசர் வந்தார்.

கடைசியில் சேர்ந்தவர் முதலில் போக வேண்டும் என்பது கணக்கு. ரோசி பேர் நாற்பத்தொன்பதில் ஏறிய பேர். செபமாலைக்குப் பயமில்லை என்றுதான் நினைத்திருந்தோம்.

செத்தவர்கள் பேரில் ஆள் இருக்கிறது என்று ஆபீசர் காதில் ஓதியவர் அழகுமலை. கொச்சியில் ஒரு நாற்காலி உறுதியாக வேண்டுமே! தான் தலையாட்டிச் சேர்த்த ஆட்களைத் தானே காட்டிக்கொடுத்தார். அவர் மகள் கல்யாணத்துக்கு மூன்று நாள் பாத்திரம் கழுவியவள் செபமாலை. மனுஷனா அவர்? ஆபீசர் என்னையும் கூப்பிட்டுக் கேட்டார். "எனக்குத் தெரியாது சார்" என்றேன். கொச்சிக்குப் போகும் அந்த இரண்டாவது ஆள் நானாக இருக்கலாமே என்ற நப்பாசை. த்தூ.

தேயிலைக் காட்டுக்கு மேலே எங்கள் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. மரச்சிலுவைகளில் பேரும் செத்த வருடமும் பெயிண்டில் எழுதியிருக்கும். செவ்வாய்க்கிழமை அங்கே போய் அந்தப் பேர்களைச் செக்ரோலோடு ஒத்துப்பார்க்கப் போவதாக ஆபீசர் சொன்னார். பிணங்களுக்கு ஆள்கணக்கு எடுக்கப் போகிறானாம்! என்ன ஜென்மமோ!

திங்கட்கிழமையே சேதி லயம் முழுக்கப் பரவிவிட்டது. அப்பன் பேரில் வேலை பார்த்த மரியஜோசப் அவர் சிலுவையைப் பிடுங்கி விறகுக் கட்டுக்குள் சொருகிவிட்டு அழுதுகொண்டே வந்தான். அவனைப் பார்த்து இன்னும் ஆறு பேர் போனார்கள். நான் காட்டுக்குப் போய்ச் செபமாலையிடம் சொன்னேன்.

"நீயும் புடுங்கிப் போடு. அந்தாளு போனதும் நட்டுக்கலாம்."

அவள் கூடையை இறக்கவில்லை. "இருபத்தோரு வருசமா அவ பேர நாந்தான் வச்சிருக்கேன். அவளுக்குன்னு அந்தக் குழிமேலதான் ஒரு பேரு கெடக்கு. அதையும் புடுங்கச் சொல்றீகளா அய்யா?"

"பிள்ளைகளை நெனச்சுப் பாரு. வீடு போயிரும்."

"நீங்களும் பெரிய கிளார்க்கய்யாவும் ஒரு வார்த்த சொன்னா போவாதுல்ல?" என்றாள்.

நான் இறங்கி வந்துவிட்டேன்.

மறுநாள் ஆபீசர் குடை பிடித்துக்கொண்டு, மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு கல்லறைகளுக்கு நடுவே நடந்தார். ஏழு இடத்தில் புதுமண் கிளறிக் கிடந்தது. பார்த்துச் சிரித்தார். அந்த ஏழு பேருக்கும் அத்தாட்சி இல்லை, விட்டுவிட்டார். ரோசியின் சிலுவை நின்றது. எழுதிக்கொண்டார்.

புதன்கிழமை பெரட்டில் ரோசி பேரைக் கூப்பிடவில்லை. எல்லாரும் காட்டுக்குப் போன பிறகும் செபமாலை நின்றாள். "என் பேரக் கூப்பிடலயே" என்றாள்.

"ரோசி மரிச்சு போயி" என்றார் ஆபீசர், மலையாளம் கலந்து.

"அப்ப செபமாலைன்னு கூப்பிடுங்க."

"அங்ஙனெ ஒராள் இவிடெ வேலைக்குச் சேர்ந்ததே இல்ல."

சொல்லிவிட்டு அவர் டீ குடிக்கப் போய்விட்டார். இருபத்தோரு வருடம் மழையிலும் அட்டைக் கடியிலும் கொழுந்து கிள்ளியவளுக்குக் கிடைத்த பதில் அவ்வளவுதான். வீட்டைக் காலி செய்ய மூன்று நாள் கொடுத்தார்கள். அதே வாரம் கொச்சிப் பட்டியலும் வந்தது. அழகுமலைக்கு ஓர் இடம், அவர் மச்சினனுக்கு இன்னோர் இடம். எனக்கு வேலை நீக்கக் கடிதம். எனக்கு நல்லா வேணும்.

சனிக்கிழமை செபமாலை ஆனைக்கரைக்கு ஏலத்தோட்ட வேலை தேடிக் கிளம்பினாள். பிள்ளைகள் தலையில் பாத்திர மூட்டை. அவள் தோளில் ரோசியின் சிலுவை. வேலைக்காகப் பிடுங்க மாட்டேன் என்றவள் போகும்போது தானே போய்ப் பிடுங்கியிருக்கிறாள். "இவனுக நெலத்துல அவளுக்கு இனி என்ன வேல?" என்றாள்.

நானும் கேட்டுவரை கூடப் போனேன். அங்கே காவல்காரன் குறுக்குக் கம்பை இறக்கிவிட்டான். "மரச்சாமான் வெளிய போகணும்னா ஆபீஸ் பாஸ் வேணும். புது உத்தரவு."

"ஆபீஸ் எங்கய்யா இருக்கு?"

"கொச்சில."

ஒரு சிலுவைக்குப் பாஸ் வாங்க அவள் கொச்சிக்குப் போக வேண்டுமா! செபமாலை என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்கதான அய்யா பேரு எழுதுறவரு. எழுதிக் குடுங்க."

சட்டைப்பையில் இருந்தது என் வேலை நீக்கக் கடிதம் மட்டும்தான். அதன் பின்பக்கத்தில் எழுதினேன்: "ரோசியின் சிலுவை ஒன்று. கொண்டுபோகிறவர் செபமாலையம்மாள்." அவள் பேரை என் கையால் எழுதியது அதுதான் முதல் தடவை.

காவல்காரன் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுக் கம்பைத் தூக்கினான்.