குதிருக்குள் இருந்தவள்

வீட்டைக் காலி செய்துகொண்டிருக்கும் என் மகள், ஒவ்வொரு பொருளாகத் தூக்கிக் காட்டி, "இது வேணுமாம்மா, வேணாமா?" என்கிறாள்.

நான் சிறுமியாக இருந்தபோது, சுரங்கத்துக்காக எங்கள் ஊரைக் காலி செய்த காலையில் அப்பாவும் இப்படித்தான் ஒவ்வொன்றாகப் பார்த்து, "வோணாம், வுட்டுடு" என்றார். தொட்டில், உரல், நொண்டி நாய். அடுத்து நான்தான் என்று நடுங்கி, ஆளுயர நெல்லுக் குதிருக்குள் இறங்கி ஒளிந்தேன். அதை விட்டுவிட்டு அம்மா போகமாட்டாள்.

"இது வாசல்ல நுழையாதுடி, கெடக்கட்டும்" என்றார் அப்பா, அம்மாவிடம்.

நான் வண்டியில் இருப்பதாக நினைத்துக் கிளம்பிவிட்டார்கள். மண் அள்ளும் இயந்திரத்தின் இரைச்சல் நெருங்கியது. கத்த நினைத்தேன், குரல் எழவில்லை. நெல்லுக் குதிரைக் கடைசியாகத் தொட்டுக் கும்பிட அம்மா திரும்பி ஓடிவந்ததால் பிழைத்தேன்.

நான் உட்கார்ந்திருக்கும் கட்டிலைக் காட்டி, "இது வேணாம்தானேம்மா?" என்கிறாள் மகள்.

குரல் எழவில்லை.