முன் சீட்டில் உட்கார்ந்த நாள்

பெருமை பேசக் கூச்சப்படுகிறவள் நான். இருந்தாலும் இதைச் சொல்ல ஆசை.

எங்கள் வீடு சானமாவுக் காட்டை ஒட்டியது. தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த மகளுக்குப் பொழுது சாயும்போது வலி கண்டது. போன் செய்தால் ஆம்புலன்ஸ் ஓடிவரும் காலம் அல்ல அது. நல்லவேளை, அவளுடைய மாமனார் மூக்கண்டப்பள்ளியிலிருந்து தன் பழைய வேனில் பார்க்க வந்திருந்தார். அந்த வேனுக்கு எஞ்சின் பின்பக்கம். மகளைப் பின்னால் படுக்கவைத்து நானும் அங்கேயே ஏறிக்கொண்டேன். சம்பந்தியின் பக்கத்தில் பெண்கள் உட்காருவது எங்களில் வழக்கமில்லை.

காட்டுப் பாதையில் ஓடை மணல் வந்தது. ஸ்டியரிங்கைத் திருப்பியும் வேன் திரும்பாமல் நேராகப் போய்ப் புதரில் நின்றது. யானை இறங்கும் நேரம்.

சம்பந்தி எங்களைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "கனமெல்லாம் பின்னாடியே இருக்குதுங்க. முன்னாடி யாராச்சும் உக்காந்தாத்தான் வண்டி திரும்பும்."

நான் தலைகுனிந்து இருந்தேன். மகள் கத்தினாள்: "எம்மா, உன் வெக்கத்துல எம்புள்ள காட்டுலயே பொறந்துரும் போல! எந்திரிச்சுப் போ!"

போனேன். அவர் வண்டியைப் பின்னுக்கு எடுத்து மறுபடி விட்டார். கம்பியைப் பிடித்து, என் கனம் முழுவதையும் முன்னால் சாய்த்தேன். முன்சக்கரம் மணலில் அழுந்தியது. வண்டி திரும்பியது.

"அப்படியே இருங்க சம்பந்தியம்மா, அசையாதீங்க!"

தார் ரோடு வரும்வரை நான் அசையவில்லை.

ஓசூர் ஆஸ்பத்திரியில் பேத்தி பிறந்தாள். வந்தவர்களிடமெல்லாம் சம்பந்தி, "ஓட்டுனது நானு, திருப்புனது அவங்க" என்றார்.

பருமனான உடம்பென்று கல்யாண வீட்டில்கூட ஓரமாக உட்காருகிறவள் நான். அன்று பெஞ்சின் நடுவில் உட்கார்ந்து பேத்தியை மடியில் வாங்கிக்கொண்டேன்.