கணவன் பெயர் என்ற கட்டம்

ரப்பர் விலை விழுந்து கிடந்த வருஷங்களில் நான் மலாயாவில் ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் சின்னக் கிராணியாக இருந்தேன். ஆபீசில் எழுத்து வேலை. வயது இருபத்திரண்டு, மூக்குக்கு மேல் கோபம். மணி மணியாக எழுதுவேன் என்ற திமிர் வேறு. கையெழுத்து அழகாக இருப்பவனுக்கு அறிவும் கூடவே இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

தோட்டத்தில் பாதி மரங்களில் பால் வெட்டாமல் விட்டுவிட்டார்கள். வேலை இழந்தவர்களை நாகப்பட்டினத்துக்குத் திருப்பி அனுப்ப சர்க்கார் கப்பல் விட்டது. டிக்கெட் வாங்க வேண்டியதில்லை. கப்பலுக்குப் பேர் வரும்வரை நிவாரண அரிசி உண்டு. பேர் வந்தபின் போக மறுத்தால் அரிசி நின்றுவிடும். தோட்டத்துத் துரை அதைக் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் எல்லோரையும் நிறுத்தி வைத்து இரண்டு தடவை சொன்னார். கப்பலுக்கு ஆள் பட்டியல் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது.

பட்டியலில் கணவன் பெயர் என்று ஒரு கட்டம். நம் பெண்கள் அதற்குத்தான் வாய் திறக்க மாட்டார்கள். அதனால் ஒருத்தியின் கணவன் பெயரை அடுத்து நிற்பவளிடம் கேட்டுக்கொள்வேன். அவள் சொல்லுவாள், இவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பாள். பிள்ளைகள் இருந்தால் கேட்கவே வேண்டாம், கத்திச் சொல்லும். இப்படி ஒரு காலைக்குள் அறுபது குடும்பத்தை எழுதி முடித்திருக்கிறேன்.

ஒரு நாள் வரிசையில் என் முன் நின்றவள் செர்காம் பக்கம் மூடிப்போன தோட்டத்திலிருந்து எங்கள் தோட்டத்துக்கு வந்து பதினைந்து நாள்தான் ஆகியிருந்தது. அவள் கணவரை அங்கிருந்தே நேராக மலாக்கா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். எங்கள் லயத்து வீடுகளில் யாரும் அவர் முகத்தைப் பார்த்ததில்லை. இடுப்பில் பேச்சு வராத கைக்குழந்தை.

“புருஷன் பேரு?”

“அவுக ஆஸ்பத்திரியில படுத்திருக்காக ஐயா.”

“எங்க படுத்திருக்காருன்னு கேக்கல. பேரு என்ன?”

தலையைக் குனிந்துகொண்டாள். பின்னால் நின்றவளைக் கேட்டேன், உதட்டைப் பிதுக்கினாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் நாற்பது பேர் நின்றார்கள்.

“பேரில்லாத புருஷனுக்குக் கப்பல்ல இடம் கெடையாதுலா” என்று சொல்லிவிட்டு, ‘தனிப்பெண், குழந்தை ஒன்று’ என்று எழுதினேன். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். சிரிக்க வைத்தது எனக்குப் பெருமையாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. பேர் பதிந்தாயிற்று என்று நினைத்துக்கொண்டு போய்விட்டாள்.

தனிப்பெண்களையும் விதவைகளையும் முதல் கப்பலில் அனுப்பச் சொல்லி உத்தரவு வந்தது. அவள் பேரும் அந்தப் பட்டியலில் இருந்தது. நான் எழுதியதை மறந்தே போயிருந்தேன். கப்பலுக்குப் போகிறவர்களைத் தம்பின் ரயிலடிக்கு ஏற்றிப்போகும் லாரி கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது அவள் ஆபீஸ் படிக்கு வந்தாள். எண்ணெய் தேய்த்துத் தலை வாரியிருந்தாள்.

“அவுகள ஆஸ்பத்திரியிலேருந்து நேரா தம்பின் ரயிலுக்குக் கொண்டாந்துருவாங்களா ஐயா?”

தனிப்பெண் என்று எழுதியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று என் அப்பா என்னைப் பார்த்துத்தான் சொல்லுவார். துரையிடம் ஓடினேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இன்னார் இவளுடைய கணவன் என்று ஆஸ்பத்திரியில் எழுதி வாங்கி வந்தால் குடும்பமாக மாற்றலாம், நாளை சாயங்காலத்துக்குள் வர வேண்டும், இல்லாவிட்டால் லாரியில் ஏற வேண்டியதுதான் என்றார்.

“பேரை மட்டும் சொல்லு, நானே போயி எழுதி வாங்கிட்டு வந்துர்றேன்” என்றேன் அவளிடம்.

“சாகக் கெடக்குற மனுசன் ஐயா. பேரச் சொன்னா ஆயுசு கொறையும்பாக. அத என் வாயாலயே செய்யணுமா?”

படித்தவன் என்ற முறையில் அதைக் கேட்டு எரிச்சல் வந்தது. ஆனால் தப்பு என்னுடையது. மறுநாள் காலை பஸ்ஸில் அவளையும் குழந்தையையும் மலாக்காவுக்குக் கூட்டிப் போனேன். ஆளைக் கையால் காட்டினால் போதுமல்லவா?

அவர் ஜன்னல் ஓரக் கட்டிலில் கிடந்தார். குளிர்காய்ச்சல் உடம்பை உருக்கிவிட்டிருந்தது. மனைவியைப் பார்த்தவர் பிறகு குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பட்டியலில் செய்த கோளாறைச் சொன்னேன். அவர் பேரைச் சேர்த்துவிட்டால் மூவரும் ஒன்றாகப் போகலாம், அவர் தேறிவிட்டார் என்று டாக்டர் சொன்ன பிறகு, என்றேன்.

“நான் தேறலன்னா?”

“தேறுற வரைக்கும் எல்லாரும் காத்திருக்கணும்.”

“அதுவரைக்கும் இவளுக்கு அரிசி?”

முதல் பட்டியலில் வந்த பேரை எடுத்துவிட்டால் அது போக மறுத்த கணக்குதான், மறுபடி பேர் வரும்வரை அரிசி கிடையாது. அதைச் சொன்னேன். அவர் கட்டிலண்டை நின்ற, வார்டைக் கவனிக்கும் டிரஸரைப் பார்த்து, “இவ யாருன்னு எனக்குத் தெரியாதுங்க. எனக்குக் கல்யாணமே ஆவல” என்றார். சொல்லிவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

அவர் செய்தது எனக்கு உடனே புரிந்தது. தான் பிழைப்போமா என்பது அவருக்கே சந்தேகம். தனிப்பெண் என்று நான் எழுதியது அப்படியே இருந்தால் அவளும் குழந்தையும் நாளைக்கே லாரி ஏறிவிடுவார்கள், கப்பலில் சோறு தின்பார்கள், ஊர் போய்ச் சேர்வார்கள். உண்மையைச் சொல்கிறேன், ஒரு நிமிஷம் அதுவே நல்லது என்று எனக்கும் பட்டது. பேசாமல் திரும்பிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன்.

டிரஸருக்கு அலுப்பு. “நோயாளியே இல்லங்கிறான். நான் என்னன்னு கையெழுத்துப் போடறது?” என்றார். அவளைப் பார்த்தார். கட்டிலில் தொங்கிய அட்டையைக் கழற்றி, எழுத்துத் தெரியாதபடி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். “நீ இவன் பொண்டாட்டின்னா இதுல என்ன பேரு எழுதியிருக்குன்னு சொல்லு. சரியாச் சொன்னா இப்பவே போட்டுத் தர்றேன்.”

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டாள். தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றினாள். திரும்பிக் கிடந்த அந்த முதுகைப் பார்த்து, அவர் தகப்பன் பேரோடு சேர்த்து, அவர் பேரை உரக்கச் சொன்னாள். அடுத்த கட்டில்காரர் போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டார்.

அந்தப் பேரை இங்கே எழுத மாட்டேன். ஒரு தடவை கட்டத்தில் எழுதியதே போதும்.

டிரஸர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். என்னிடம் பேனாவைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

“கெடுத்திட்டியேடி பாவி” என்றார் கணவர், சுவரைப் பார்த்தபடியே. “நீயாவது போய்ச் சேந்திருப்பியே.”

“கெட்டா மூணு பேரும் கெடுவோம். போனா ஒண்ணாப் போவோம்.”

மறுநாள் லாரி அவள் இல்லாமல் போயிற்று. சொன்னது போலவே அரிசி நின்றது. லயத்துப் பெண்கள் தங்களுக்கு அளந்த அரிசியில் ஆளுக்கொரு பிடி போட்டு அவளையும் குழந்தையையும் காப்பாற்றினார்கள். அன்று வரிசையில் சிரித்தவர்களும் போட்டார்கள். நானும் போட்டேன், வேறொருத்தி கையில் கொடுத்து.

அவர் பிழைத்துக்கொண்டார். மூன்று மாதம் கழித்து மூன்று பேரையும் ஒரே வரியில் எழுதினேன். அவர்கள் லாரி ஏறும் காலையில் நானும் களத்துக்குப் போனேன். ஏதோ நான்தான் சேர்த்து வைத்தேன் என்று எனக்குள் ஒரு நினைப்பு. அவர் லாரியிலிருந்தே இரண்டு கையும் கூப்பினார். நான் அவளைப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் அந்தப் பேரைச் சொல்ல வேண்டிவந்த நாள் முதல் அவள் என் எதிரில் நின்றதில்லை. இப்போதும் முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு திரும்பி உட்கார்ந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்த குழந்தையின் முகத்தையும் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.