பூனைக் காதுக்கு விளக்கெண்ணெய்

எனக்குப் பூனை பிடிக்காது. மலைமேல் புதூர்நாட்டுக்கும் கீழே திருப்பத்தூருக்கும் ஜீப் ஓட்டுகிறவனுக்கு ஏறுகிற ஆட்களைச் சமாளிக்கவே பொழுது போதாது. இதில் பூனை வேறா?

பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகள் கேட்கவில்லை. தங்கியிருக்கும் விடுதியில் பூனை கூடாது என்று சொல்லிவிட்டார்களாம். கூடையோடு கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். வெளிநாட்டுச் சாதிப் பூனை. காது இரண்டும் பின்பக்கமாகச் சுருண்டிருந்தன, ஓடுகிற ஜீப்பில் தலையை வெளியே நீட்டிக்கொண்டு வருவதைப் போல. தூங்கும்போதும் அப்படித்தான். பிறவியே அப்படி என்றாள். ஊருக்குக் கிளம்பும்போது ஒன்றே ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"காதை மட்டும் நிமித்திடாதீங்கப்பா. உள்ள குருத்தெலும்பு ஒடஞ்சிடும். ஒடஞ்சா அவ்ளோதான், திரும்ப வராது."

நான் எதற்கு அதன் காதைத் தொடப்போகிறேன் என்று எரிந்து விழுந்தேன்.

தொட வேண்டியிருந்தது. சுருண்ட காதுக்குள் அழுக்குச் சேருமாம், பஞ்சால் துடைக்க வேண்டுமாம். என் மனைவி கண் சரியாகத் தெரியவில்லை என்று நழுவிவிட்டாள். ஸ்டியரிங் பிடித்துக் காய்த்துப்போன விரலால் பஞ்சை உருட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு துடைத்தேன். அந்தச் சனியன் கண்ணை மூடிக்கொண்டு என் உள்ளங்கையில் தாடையை வைத்தது. அத்தோடு தொலைந்தேன். அப்புறம் நான் போகிற இடமெல்லாம் அதுவும் வந்தது. குளிக்கப் போனால் கதவைப் பிறாண்டியது. சாப்பிட உட்கார்ந்தால் தோளில் ஏறி என் வாயையே பார்த்தது. ஜீப் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடி வந்தது. என் மனைவி இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் அப்படி ஓடி வந்ததில்லை. சொன்னேன். அன்றைக்குக் குழம்பில் உப்பில்லை.

ஒரு நாள் மத்தியானம் வந்து ஜீப்பை நிறுத்தினேன். பூனை வரவில்லை. எதிர்வீட்டில் இருக்கிறது என்றாள் மனைவி. சாவியைக்கூட வைக்காமல் திரும்பினேன்.

எதிர்வீட்டுக்காரிக்கு என் வயதுதான், வாய் மட்டும் என்னைவிடப் பெரிசு. எங்கள் ஊரில் பிறக்கிற குழந்தையை எல்லாம் அவள்தான் குளிப்பாட்டுவாள். காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் காலில் போட்டு, விளக்கெண்ணெய் தடவித் தலையை உருண்டையாகப் பிடிப்பாள். மடங்கின காதை நீவி நிமிர்த்துவாள். ஊரில் பாதி மண்டை அவள் கை பட்டதுதான்.

போய்ப் பார்த்தேன். அதே மாதிரி காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். காலில் என் பூனை, மல்லாந்து, நாலு காலையும் பரப்பிக்கொண்டு. பக்கத்தில் எண்ணெய்க் கிண்ணம். இரண்டு விரலால் அதன் காதைப் பிடித்து மேலே இழுத்துக்கொண்டிருந்தாள்.

நான் கத்திய கத்தலில் அவள் வீட்டுக் கோழி கூரைமேல் ஏறிவிட்டது.

"இன்னாண்ணே கத்துற?" என்றாள். "பொறந்தப்பவே எண்ண போட்டு நீவியிருந்தா இப்பிடி மடங்கியிருக்குமா? கேக்க ஆளில்லாம வளத்துட்டு, எங்கிட்ட கத்துறியே."

பூனையைப் பிடுங்கினேன். காது சுருண்டுதான் இருந்தது. ஆனால் உள்ளே குருத்து ஒடிந்திருந்தால் எனக்கெப்படித் தெரியும்? மகளுக்கு என்ன பதில் சொல்வது? அப்படியே மாட்டு டாக்டரிடம் ஜீப்பைத் திருப்பினேன். எதிர்வீட்டுக்காரியும் ஏறி உட்கார்ந்துகொண்டாள். தன் கை பட்டு ஒன்றும் கெட்டதில்லை என்று டாக்டர் வாயால் கேட்க வேண்டுமாம். மலை இறங்குகிற வரைக்கும் இரண்டு பேரும் சண்டை போட்டோம். பூனை அவள் மடியில் போய்ப் படுத்துக்கொண்டது. துரோகி.

திருப்பத்தூர் மாட்டாஸ்பத்திரியில் எங்களுக்கு முன்னால் ஒரு கறவை மாடும் மூன்று ஆடுகளும் நின்றன. எங்கள் முறை வந்தது. டாக்டர் பூனையைப் பார்த்ததும் முகம் கடுத்துப் போனார்.

"காதை யாருய்யா இப்படி மடக்கினது?"

எதிர்வீட்டுக்காரி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். டாக்டரிடம் தன் பக்கத்து நியாயத்தை எடுத்து வைக்க ஆரம்பித்துவிட்டாள். அவரும் தலையை ஆட்டுகிறார். வேறு வழியில்லை, மகளுக்குப் போன் போட்டு அவர் கையில் கொடுத்தேன். வம்சம், பிறவி என்று அவள் சொல்லச் சொல்ல அவர் கோபம் அடங்கியது. போனை நான் திரும்ப வாங்கியபோது அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். காதை இழுத்த கதையை டாக்டர் சொல்லிவிட்டார் போல, அழுகிறாள்.

டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். ஒவ்வொரு காதாக விரல் நுனியால் தடவிப் பார்த்தார். எதிர்வீட்டுக்காரி என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நானும் தட்டிவிடவில்லை.

"ஒடியல. குருத்து நல்லாருக்கு" என்றார். மகளுக்கும் கேட்டது. அவள் சிரித்தாள், நானும் சிரித்தேன். "ஆனா எண்ணெயை எவ்ளோ நக்குச்சு?"

நாங்கள் இரண்டு பேரும் பூனையின் வாயைப் பார்த்தோம்.

திரும்பும்போது பாதி மலை ஏறுவதற்குள் பதில் வந்துவிட்டது. எதிர்வீட்டுக்காரி மடியில், அவள் புதுச் சேலைமேல். ஜீப்பெல்லாம் நாற்றம். அவள் குனிந்து பார்த்தாள்.

"எத்தினி கொழந்த என் மடியில போயிருக்குது. இதும் ஒண்ணு" என்றாள்.

எனக்குச் சிரிப்பு பீறிட்டது. வளைவில் ஓட்ட முடியாமல் ஓரமாக நிறுத்தினேன். அவளும் ஆரம்பித்தாள். பின்னால் வந்த ஜீப்காரன் நிறுத்தி, என்ன ஆச்சு என்று கேட்டான். சிரிப்புக்கு நடுவே அவள் மடியைக் காட்டினாள். மூக்கைப் பொத்திக்கொண்டு போய்விட்டான்.

ஒருவழியாக வண்டியை எடுத்தேன். அவள் முந்தானையால் பூனையைத் துடைத்துக்கொண்டே அதன் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"காத தொட மாட்டேண்ணே, சத்தியமா. மூக்கு கொஞ்சம் சப்பையா கீது, அத மட்டும் லேசா…"

பூனையைப் பிடுங்கி என் மடியில் போட்டுக்கொண்டேன். வேட்டி போனால் போகிறது.