வக்கீல் வீட்டுக் கடல்

மீன் தொட்டிக் கடைன்னா மீன் விக்கிற வேலைன்னு நினைச்சு இறங்குறவன் ஏமாந்தான். எதனால செத்துச்சுன்னு அடுத்தவன் வீட்டு ஹால்ல நின்னு பதில் சொல்ற வேலை அது. காலையில எந்திரிச்சதும், இன்னைக்கு எது மிதக்குதோன்னு பயந்துக்கிட்டே தொட்டியை எட்டிப் பார்த்த புண்ணியவான்களே, உங்களுக்கு நான் சொல்றது புரியும். மத்தவங்க சிரிச்சுட்டுப் போங்க.

கே.கே. நகருக்குக் கடல் வந்தது

மதுரை கீழவாசல் பக்கம் ஒரு சந்துல எனக்குக் கடை. எண்பதுகள்ல, இரும்புச் சட்டம் போட்ட தொட்டி போயி, கண்ணாடியோட கண்ணாடியை ஒட்டுற தொட்டி வந்திருந்த நேரம். கே.கே. நகர் வக்கீல் ஒருத்தர் ஆள் விட்டிருந்தாரு. பேரு வேணாம். வக்கீல் வேற, எதுக்கு வம்பு?

போயிப் பார்த்தா, தொட்டி நிறைய கடல்தண்ணி. அவரு மச்சினன் ராமேஸ்வரம் பக்கம் மண்டபத்துல இருக்காராம், கேன்ல பிடிச்சு லாரியில ஏத்தி விட்டிருக்காரு. தண்ணியோட ரெண்டு நீலக்குஞ்சு மீனு, சங்குக்குள்ள குடியிருக்கிற நண்டு ஒண்ணு, மூணு பவளம். பவளம்னா கல்லுன்னுதான் நான் அதுவரைக்கும் நினைச்சிருந்தேன். இது தொட்டா மெத்துன்னு இருக்கு, விரல் விரலா விரிஞ்சு தண்ணியில ஆடுது. மெத்துப் பவளம்னு நானே பேர் வச்சுக்கிட்டேன். மதுரை வெயில்ல இது எம்புட்டு நாளைக்குத் தாங்கும்னு எனக்குப் பயம்தான். வக்கீலுக்கு அந்தப் பயம் இல்ல, யாராவது கைவச்சுக் கெடுத்துருவாங்களோன்னு வேற பயம். ஜன்னலைச் சாத்தினாரு, கதவைப் பார்த்தாரு, மெதுவாச் சொன்னாரு:

"பாய், தொட்டியை நீங்க பார்த்துக்கங்க. தொட்டிகிட்ட வர்ற ஆளுகளை நான் பார்த்துக்கிறேன்."

என் வாளிக்கு விசாரணை

கொஞ்ச நாள்லயே ஒரு பவளம் விரலை மடக்கிக்கிச்சு. அப்புறம் திறக்கவே இல்ல. சவண்டு போயி, மேல வழவழன்னு படிஞ்சு, நாத்தம் எடுத்துருச்சு. தூக்கி எறிஞ்சோம்.

மொத சந்தேகம் யாரு மேல? என் மேலதான். உங்களுக்குத் தெரியும், மீனுக்கு மேலெல்லாம் உப்பு உப்பாப் புள்ளி விழுந்தா நாங்க மயில்துத்தம் கரைச்சு ஒரு சொட்டு விடுவோம். மீன் பிழைச்சுக்கும். ஆனா தொட்டியில இருக்கிற நத்தையெல்லாம் செத்துரும். அந்த மருந்து பட்ட வாளியைத்தான் இங்கயும் கொண்டு வந்தீங்களான்னு வக்கீல் கேட்டாரு. இல்ல சார், கடல்தொட்டிக்குன்னு புதுசா வாங்கினதுன்னேன். வாளியை மூக்குகிட்ட கொண்டு போயி மோந்து பார்த்தாரு. எங்க வாங்கினீங்க, எதுல கழுவினீங்க, கடையில வேற யாரு தொடுவாங்கன்னு அரை மணி நேரம். வக்கீலம்மா காபி கொண்டு வந்து வச்சாங்க, அதைக் குடிக்கலாமான்னுகூடத் தெரியல. எந்திரிக்கும்போது தோள்ல தட்டிச் சொன்னாரு:

"விடுதலைன்னு நினைச்சுராதீங்க பாய். ஜாமீன்ல போறீங்க."

மச்சினன் அனுப்பின கேன்

நான் மட்டும் என்ன, சந்தேகப்படத் தெரியாதவனா? எனக்கு அந்தக் கேன் மேலதான் கண்ணு. மண்ணெண்ணெய்க் கேனைக் கழுவி அனுப்புறாரோ மச்சினன்னு தோணுச்சு. வாய் தவறி வக்கீலம்மா முன்னாடி சொல்லிட்டேன். அவங்க தம்பியாச்சே! அன்னைக்குக் காபி இல்ல.

சரி, சோதிச்சுருவோம்னு, அடுத்த தடவை வந்த கேன்ல பாதித் தண்ணியும், கூட வந்த நண்டு ஒண்ணையும் கடைக்குக் கொண்டு போயிட்டேன். கடை நண்டு சங்கைத் தூக்கிக்கிட்டு நல்லா ஓடியாடித் திரிஞ்சுச்சு. வக்கீல் வீட்டு நண்டு செத்துப் போச்சு. ரெண்டாவது பவளமும் சாஞ்சிருச்சு. ஆனா மீனு ரெண்டும் கொழுகொழுன்னு நீந்துது. மீன் பிழைக்குது, நண்டு சாகுது. மயில்துத்தம் விட்டா இப்படித்தான் ஆகும். ஆனா நான் விடலையே! இதை வாயைத் திறந்து சொன்னா, ஊர்ல மயில்துத்தம் வச்சிருக்கிறவன் யாருன்னு அடுத்த கேள்வி வரும். வாயை மூடிக்கிட்டேன். வக்கீலம்மா மட்டும் விடல:

"என் தம்பி அனுப்பின நண்டு உங்க கடையில உயிரோட இருக்கு, இங்க இருந்தது செத்துப் போச்சு. அப்ப குத்தம் மண்டபத்துலயா பாய், மதுரையிலயா?"

குறையாத தண்ணி

சித்திரை வெயிலு. திறந்த தொட்டியில தண்ணி தினமும் வத்தும், நல்ல தண்ணி ஊத்தி ஈடு கட்டணும். அந்த வேலையை யாரும் செய்யாதீங்க, நானே வந்து ஊத்துறேன்னு சொல்லி வச்சிருந்தேன். ஆனா போறப்பல்லாம் தண்ணி மட்டம் அப்படியே இருக்கு. வெத்தலைக்கு வச்சிருந்த சுண்ணாம்பை விரல்ல தொட்டு வெளிக் கண்ணாடியில ஒரு கோடு போட்டேன். நாலு நாள் கழிச்சு வந்தா, தண்ணி கோட்டுக்கு மேல நிக்குது.

யாரோ ஊத்துறாங்கன்னு முணுமுணுத்தேன். வக்கீல் பின்னாடிதான் நின்னிருக்காரு. நீங்க ஏதும் ஊத்துனீங்களா சார்னு கேட்டேன். சத்தியமா இல்லைன்னாரு. வக்கீலம்மா தொட்டிப் பக்கமே வர மாட்டாங்க, நாத்தம்னு. மிச்சம் யாரு? வீட்டு வேலைக்கு வர்ற பொன்னுத்தாயி. அவங்க பழைய வீட்டுல இருந்த காலத்துல இருந்து வேலை பாக்குற பொம்பளை. கூப்பிட்டு நிறுத்தி, தொட்டியில என்ன ஊத்துனேன்னு கேட்டாரு. நான் ஊத்தலய்யான்னு அது சொல்லுச்சு. சோப்புத் தண்ணியா, பிளீச்சிங் பவுடரான்னு கேட்டாரு. நான் ஊத்தலய்யா. எத்தனை தடவை கேட்டாலும் அந்த ஒரே பதில், தலையைக் குனிஞ்சுக்கிட்டு. கடைசிப் பவளமும் விரலை மடக்குச்சுன்னா அன்னைக்கே நீ கிளம்பிரணும்னு வக்கீல் தீர்ப்புச் சொல்லிட்டாரு. எனக்கு மனசே கேக்கல. வாசல்ல செருப்பை மாட்டும்போது பொன்னுத்தாயி வந்து நின்னுச்சு:

"சோறு வைக்கத் தெரியலைன்னு அனுப்புனாக்கூட வேற வீடு கெடைக்கும்ணே. தண்ணியில என்னத்தையோ கலந்தவன்னு அனுப்புனா, எவ என்னைய அடுப்படிக்குள்ள விடுவா?"

செம்பு

அந்தப் பேச்சு என்னையத் தூங்க விடல. ரெண்டு நாள் கழிச்சு, காத்து மோட்டார்ல சத்தம் வருதுன்னு வக்கீலம்மா சொல்லி விட்டிருந்தாங்க. வழக்கமா சாயங்காலம் போறவன், அன்னைக்கு விடிஞ்சதும் சைக்கிளை எடுத்துட்டேன். கதவு திறந்துதான் கிடந்துச்சு. வக்கீல் பூசை ரூம்ல இருந்து ஈர வேட்டியோட வாராரு, கையில செப்புச் செம்பு. நேரா தொட்டிகிட்ட வந்தாரு. கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தாரு. செம்பைச் சாய்ச்சாரு.

சார், ஊத்தலைன்னு சொன்னீங்களேன்னேன். அவரு நிதானமா, "இது தண்ணி இல்ல பாய், தீர்த்தம்" அப்படின்னாரு. சனிக்கிழமை சனிக்கிழமை அழகர்கோவில் போயி, மலை மேல நூபுர கங்கையில பிடிச்சுட்டு வர்றாராம். அதைச் செப்புக் குடத்துல, துளசி போட்டு, வாரம் பூரா வச்சிருப்பாராம். தொட்டிக்குக் கடல் வந்த நாள்ல இருந்தே தினம் பூசைக் கரண்டியில ஒரு உத்தரணி விட்டாராம். ரெண்டாவது பவளமும் வாடவும் செம்பு செம்பா ஊத்த ஆரம்பிச்சாராம். மனுசன் பொய் சொல்லல. தீர்த்தத்தை அவரு தண்ணிக் கணக்குலயே சேர்க்கல.

எனக்கு விளங்கிருச்சு. ஆனா எப்படிச் சொல்றது? நான் பாய். அவரு கையில இருக்கிறது அழகர்மலைத் தீர்த்தம். அதுதான் கொல்லுதுன்னு நான் சொன்னா கதை எங்க போயி நிக்கும்? பயந்துதான் போனேன். உள்ள பாத்திரம் விளக்குற சத்தம் கேட்டுச்சு, பொன்னுத்தாயி வந்துருச்சு. கடைசிப் பவளம் விரலைப் பாதி மடக்கி நிக்குது. இதுக்கு மேல எப்படி வாயை மூடிக்கிட்டு இருக்கிறது? சார், தீர்த்தத்து மேல குத்தமே இல்ல, செம்பு மேலதான்னேன். துளசியோட நாள் கணக்குல செப்புக் குடத்துல கிடந்தா செம்பு தண்ணியில இறங்கிரும், மீன் தாங்கும், நண்டும் பவளமும் தாங்காது, மயில்துத்தத்துல இருக்கிறதும் இதே செம்புதான்னு, இத்தனை நாள் முழுங்கி வச்சிருந்ததையெல்லாம் கொட்டிட்டேன்.

வக்கீலாச்சே, ருசு கேட்டாரு. கடையில இருந்து நத்தை கொண்டு வந்து, ஒரு கிளாஸ்ல கிணத்துத் தண்ணி, ஒண்ணுல அந்தக் குடத்துத் தீர்த்தம்னு விட்டேன். கோர்ட்டுக்குப் போகாம நாற்காலியைப் போட்டு எதிர்க்க உக்காந்துட்டாரு. சாயங்காலத்துக்குள்ள தீர்த்தத்து நத்தை ஓட்டை மூடிக்கிட்டு அடியில கிடந்துச்சு. மத்தது கிளாஸ் மேல ஏறி ஊர்ந்துக்கிட்டு இருந்துச்சு. எந்திரிச்சு நாற்காலியை ஓரமாப் போட்டாரு மனுசன். மச்சினனுக்குப் புதுத் தண்ணி அனுப்பச் சொல்லித் தந்தி கொடுக்கணும்னாரு. அப்புறம் பொன்னுத்தாயியைக் கூப்பிட்டாரு. மன்னிப்பெல்லாம் கேக்கல. நான் தினம் ஊத்துறதை நீ பாத்திருக்கியான்னாரு. பாத்திருக்கேன்யான்னுச்சு. பாத்துட்டு, வேலை போகும்னு சொன்ன அன்னைக்குக்கூட ஏன் சொல்லலைன்னு கோவமாக் கேட்டாரு. அது முந்தானையில கையைத் துடைச்சுக்கிட்டே, சத்தம் கூட்டாமச் சொல்லுச்சு:

"நான் ஊத்துனேனான்னுதான கேட்டீக. யாரு ஊத்துனாகன்னு ஒரு தடவை கேட்டீகளாய்யா?"

இன்னைக்கும் எந்த வீட்டுத் தொட்டியில எது வாடினாலும், நான் மொதல்ல சந்தேகப்படுறது அது மேல உயிரையே வச்சிருக்கிற ஆளைத்தான்.