கணக்கையே மணந்தவள்

எழுபதுகளில் தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் நான் கணிதம் கற்பித்தேன். என் ஆராய்ச்சியைப் பற்றி எழுத ஒரு நிருபர் வந்தார். கரும்பலகையில் எழுதி எழுதி விளக்கினேன். அவர் ஒரு வரிகூடக் குறித்துக்கொள்ளவில்லை.

"கல்யாணம் ஆயிடுச்சா மேடம்?"

"அடுத்த மாசம்" என்றேன். யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று கேட்டு, மூன்று ஞாயிறு சர்ச்சில் வாசிக்க வேண்டிய எங்கள் கல்யாண ஓலையை அதற்குள் ஒரு முறை வாசித்திருந்தார்கள்.

இரண்டாம் ஓலை வாசிக்கவிருந்த ஞாயிறன்று பேப்பரில் செய்தி வந்தது: 'கணக்கையே மணந்தவள்! ஆண்களை ஏறிட்டும் பாராத மேதை!'

சர்ச் வாசலிலேயே மாப்பிள்ளையின் அம்மா பேப்பரை நீட்டினார். "கல்யாணமே வேணாம்னு ஊருக்கெல்லாம் சொல்லிட்டு, எதுக்கும்மா ஓலை வாசிக்க வச்சே?"

"நான் அப்படிச் சொல்லலை ஆன்ட்டி."

"அப்ப பேப்பர்ல பொய்யா போடுவாங்க?"

மாப்பிள்ளை தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று எங்கள் ஓலையை வாசிக்கவில்லை; அதற்குப் பிறகும் வாசிக்கவில்லை.

நிருபரிடம் போய்ச் சண்டை போட்டேன். "கல்யாணம்னு எழுதினா மேதைன்னு யார் மேடம் நம்புவாங்க?" என்று சிரித்தார்.

என் தேற்றத்தைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. எங்கள் துறையிலோ அந்தச் செய்தியைக் கண்ணாடி போட்டு மாட்டினார்கள். புதிதாகச் சேரும் மாணவிகள் அதைப் படித்துவிட்டு, "உங்களை மாதிரி இருக்கணும் மிஸ்" என்பார்கள்.

கழற்றச் சொல்ல எனக்குக் கடைசிவரை மனம் வரவில்லை. பத்திரிகையில் என் பெயர் வந்தது அந்த ஒரு தடவைதான்.