ருசி பார்க்க ஓர் ஆள்

கிறிஸ்துமஸுக்கு வருகிறவர்களுக்குக் கேக்கோடு ஒயினும் வைப்பது மலேசியாவில், கிள்ளானிலுள்ள என் கணவர் வீட்டு வழக்கம். அந்த வருஷம் ஒயினை என்னைச் செய்யச் சொன்னார் மாமியார். மடியில் கைக்குழந்தை. அதைவிடப் பெரிய தயக்கம் ஒன்று எனக்கு இருந்தது. குழந்தை பிறந்த அன்று என் கணவர் குடியை விட்டிருந்தார். அதற்குப் பிறகு வீட்டில் ஒரு பீர் டின்கூட இல்லை. தயங்கித் தயங்கி அதைச் சொன்னேன்.

"ஒயினெல்லாம் குடியில்ல லா. சர்ச்லயே குடுக்குறாங்க," என்றார் அத்தை.

பாசாரில் கறுப்புத் திராட்சை வாங்கிக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, நசுக்கி, சீனியும் ஈஸ்ட்டும் சேர்த்தேன். கண்ணாடி ஜாடியில் ஊற்றித் துணியால் வாயைக் கட்டினேன். மூடியை இறுக்கினால் வெடிக்கும் என்றது ஒரு வீடியோ. காற்றுப் பட்டால் புளித்துக் காடியாகும் என்றது இன்னொன்று. இரண்டுக்கும் பயந்தேன். கிளறும்போதெல்லாம் நுரைத்தது. அது நல்ல நுரையா கெட்ட நுரையா என்று தெரியவில்லை. ருசி பார்த்தால்தான் தெரியுமாம். நான் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். அத்தைக்குச் சர்க்கரை வியாதி. அத்தை என் கணவரைக் கூப்பிட்டுக் கரண்டியை நீட்டினார்.

"இன்னும் ஆகல," என்றார் அவர்.

மறுநாள் யாரும் கூப்பிடாமலே வந்து பார்த்தார். அன்றும் ஆகவில்லை. பிறகு கரண்டி போய் டம்ளர் வந்தது. நுரை அடங்கி, தோல்கள் அடியில் இறங்கிய பிறகும் அவருக்கு மட்டும் ஆகவில்லை. ஒயின் தானாக ஆவியாகிக் குறையுமா என்று இணையத்தில் தேடினேன். பதில் தெரியாமல் இல்லை. வேறு பதில் கிடைக்காதா என்றுதான்.

ஒருநாள் வேலை முடிந்து பிராந்திப் போத்தலோடு வந்தார். குழந்தையைக் கேட்டுக் கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை.

"நீ செஞ்சத குடிச்சா ஒண்ணுமில்ல, நான் வாங்கிட்டு வந்தா மட்டும் குத்தமா?"

குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

கிறிஸ்துமஸ் அன்று வடிகட்டிய மிச்சத்தைக் குடித்தவர்கள் நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். மத்தியானமே அவர் அறையில் விழுந்து கிடந்தார். மகன் எங்கே என்று ஓர் உறவினர் கேட்க, அத்தை பெருமூச்சு விட்டார்.

"நல்லாத்தான் இருந்தான். பொண்டாட்டியே வீட்டுல காச்சி வச்சா அவன் என்னா செய்வான், பாவம்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். செய்யச் சொன்னது யார் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் வாசலில் கார் வந்து நின்றது. அத்தை டம்ளர்களை என் கையில் கொடுத்து, வருகிறவர்களுக்கு ஊற்றச் சொன்னார்.

ஊற்றினேன்.